மூன்றாம் நம்பர்க்காரர்

வெங்கடபதி சோப் ஒர்க்ஸில் கோமளாவுக்கு ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு ஜன்னல் இருந்தன. மேசையும் தராசும் கம்பெனியுடையவை. ஜன்னல் மட்டும் தனக்கே சொந்தம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பீளமேடு தாண்டி, அவிநாசி ரோட்டை ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர் வேறு யாரும் இல்லை.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். முதலாளி வெங்கடபதி அவளுடைய அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அந்த முறையில் மாமா. சோப்பில் காரம் கூடியிருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை. கோமளாவுக்கு அதுதான் பெரிய வசதி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் பேசாமல் இருக்கத் தேர்ந்தவள் என்று சிநேகிதி ஜன்னத் அவளைக் கேலி செய்வாள்.

1959, தீபாவளி கழிந்த வாரம். வெங்கடபதியின் மருமகன் பாலகோபால் பம்பாயிலிருந்து திரும்பினார். பெட்டியிலிருந்து ஒரு பச்சைப் பாட்டிலை எடுத்து ஆபீஸ் மேசையில் வைத்தார். சீமைச் சரக்கு. லேபிளில் குதிரைமேல் ஒருவன். சவரம் செய்தபின் ஆண்கள் தடவிக்கொள்கிற சென்ட் என்றார். நம் ஊர் ஆம்பளைகளுக்கு என்ன இருக்கிறது, முகத்துக்குப் பவுடர், கல்யாணத்துக்குப் போனால் காதில் அத்தர் பஞ்சு, அவ்வளவுதானே என்று கேட்டார். வாங்குகிறவன் வாசனையை வாங்குவதில்லை, அந்தக் குதிரைக்காரனை வாங்குகிறான் என்பது அவர் பம்பாயில் கற்றுக்கொண்டு வந்த பாடம். பொங்கலுக்குள் இப்படி ஒன்றை நம் கம்பெனி விற்க வேண்டும். பம்பாயில் ஒருவர் வாசனைக் கலவையை அப்படியே அனுப்பத் தயார். கூடவே தன் கெமிஸ்ட்டையும் அனுப்புவார்.

வெங்கடபதி யோசித்தார். வெளியூர்க் கெமிஸ்ட் வந்தால் காரம் பார்க்கிற வேலையையும் அவனே பார்த்துக்கொள்வான், இரண்டு பேர் எதற்கு என்று கோமளாவிடம் மெதுவாகச் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்தபின் இன்னும் மெதுவாக, கார்த்திகை முடிவதற்குள் நீயே ஒன்று செய்து காட்டினால் பம்பாய்க்காரன் வேண்டாம் என்றார்.

பாலகோபால் ஒரு நிபந்தனை சேர்த்தார். சென்ட் மட்டும் போதாது. அது எப்படிப்பட்ட ஆள் என்றும் கோமளா சொல்ல வேண்டும். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கப் படம் கொடுக்க வேண்டும் அல்லவா? ஆள் யாரென்று தெரியாமல் ஓவியர் எதை வரைவார்?

கோமளா எந்த ஆண்பிள்ளை முகத்தையும் இரண்டு விநாடிக்கு மேல் பார்த்தது கிடையாது. பஸ்ஸில் கண்டக்டருக்குச் சில்லறை நீட்டும்போதுகூட அவள் கண் அவருடைய தோல்பையில்தான் இருக்கும். இருந்தாலும் அவளுக்குக் கேள்வி பிடித்திருந்தது. ஒரு வாசனைக்குள் ஒரு ஆள் எப்படி இருக்க முடியும்?

அவள் வேலையைத் தொடங்கினாள். சந்தன எண்ணெய் கம்பெனியிலேயே இருந்தது. சந்தனச் சோப்புக்கு வாங்கி வைத்தது. கிராம்பு எண்ணெய், மிளகு எண்ணெய், ஏலக்காய் எண்ணெய், தேவதாரு எண்ணெய் வரவழைத்தாள். வாசனை சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கக் கொஞ்சம் குங்கிலியம். எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். மதுவிலக்குக் காலம் என்பதால் ஸ்பிரிட் டப்பா பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி மாமாவின் இடுப்பில் இருக்கும். சாவி கேட்கப் போவதற்கே அவள் பத்து நிமிடம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் மூன்று பாட்டில் நின்றன. முதலாவதில் கிராம்பு தூக்கல். இரண்டாவதில் சந்தனம். மூன்றாவதில் தேவதாரு அதிகம், அதன்மேல் மிளகும் கிராம்பும், அடியில் சந்தனமும் குங்கிலியமும். முதல் இரண்டுக்கும் அவள் கணக்குப் போட்டு அளந்திருந்தாள். மூன்றாவதற்குக் கணக்கு இல்லை. சரியாக இருக்கிறது என்று படும்வரை துளித் துளியாகக் கூட்டிக்கொண்டே போனாள். ஒரு மத்தியானம் ஜன்னலோரம் நின்று மோந்து பார்த்தபோது சரியாக இருந்தது. எதற்குச் சரியாக என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தன் மூக்கை மட்டும் நம்பினால் அது சோதனை ஆகாது. பேக்கிங் பிரிவில் சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற பெண்கள் பதினொரு பேர். ஒருத்தி ஊருக்குப் போயிருந்தாள். மிச்சம் பத்துப் பேர். கோமளா மையொற்றும் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் நம்பர் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தாள். மோந்து பார்த்துவிட்டு இது எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

வாக்கியம் நடுங்காமல் வந்தது. ஆனால் முதல் நாள் சோதனை நாசமாய்ப் போனது. தாளை நனைத்த கையோடு நீட்டிவிட்டாள். பத்துப் பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று நம்பரையும் குடிகாரன் என்றார்கள். சுப்பாத்தாள் எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மணி, இத ஒளிச்சு வெய்யுங்க. போலீசு வந்தா எங்களையுமில்ல கூட்டிட்டுப் போயிருவாங்க."

தாளிலிருந்து ஸ்பிரிட் பறந்து போக ஐந்து நிமிடம் ஆகும். படித்த பாடம்தான், பயத்தில் மறந்துவிட்டது. மறுநாள் ஐந்து நிமிடம் காத்திருந்தாள். ஒருத்தி சொல்வதைக் கேட்டு இன்னொருத்தி சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொருவராகத் தன் மேசைக்கு அழைத்தாள்.

ஒன்றாம் நம்பரை முக்கால்வாசிப் பேர் பல் பிடுங்குகிற டாக்டர் என்றார்கள். இரண்டாம் நம்பருக்குப் பலவிதமாகப் பதில் வந்தது. கல்யாண வாசலில் நின்று வாங்க வாங்க என்று கும்பிடுகிறவர், ஆனால் பந்தியில் இடம் இருக்கிறதா என்று ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று சுப்பாத்தாள் சொன்னாள். கோமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுதினாள்.

மூன்றாம் நம்பரில்தான் அதிசயம் நடந்தது. சின்னாத்தாள் மோந்து பார்த்துவிட்டு, இந்த ஆள் அதிகம் பேச மாட்டார், ஆனால் வாரேன் என்று சொன்னால் வந்துவிடுவார் என்றாள். அடுத்தவள், கை சும்மா இருக்காது, எதையாவது ஒன்றைச் செய்து முடித்துவிட்டுத்தான் உட்காருவார் என்றாள். இன்னொருத்தி, பொம்பளைகள் குழாயடியில் ஓரியாட்டம் போட்டுக்கொண்டிருந்தாலும் இவர் அந்தப் பக்கம் வந்து ஒரு செருமல் செருமினால் போதும், சத்தம் நின்றுவிடும் என்றாள். சுப்பாத்தாள் எல்லாரையும் விட ஒரு படி மேலே போனாள்.

"பீடி குடிச்சுட்டு இருந்து உட்டுப்போட்டவருங்க," என்றாள்.

கோமளா அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். பத்துப் பேர். தனித்தனியாகக் கேட்டது. பத்துப் பேரும் ஒரே ஆளைச் சொல்கிறார்கள். போகும்போது ஒவ்வொருத்தியும் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டு போனதை அவள் கவனித்தாள். ஆண்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஆர்.எஸ்.புரம் போய்ச் சேரும்வரை அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கிராம்பில் யூஜினால் இருக்கிறது என்று புத்தகம் சொல்லும். சொன்ன நேரத்துக்கு வருகிற குணம் எந்த எண்ணெயில் இருக்கிறது? பீடியை விட்ட செய்தி மிளகில் இருக்கிறதா, தேவதாருவிலா? மிளகை மட்டும் எடுத்துவிட்டால் அந்த ஆள் மறுபடியும் பீடி பிடிக்க ஆரம்பித்துவிடுவாரா? பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த ஆண்களை அவள் முதல்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். ஒருவர் காதில் பென்சில் செருகியிருந்தார். ஒருவர் வாழைத்தாரைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர்க்காரர் அந்தப் பஸ்ஸில் இல்லை.

திங்கட்கிழமை, ஊருக்குப் போயிருந்த பதினோராவது பெண் திரும்பிவிட்டாள். பெயர் பூவாத்தாள். அன்னூரில் தங்கை வீட்டுச் சீருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள். பதினொன்று பத்தைவிட நல்ல எண் என்று நினைத்து கோமளா அவளையும் அழைத்தாள். ஒன்றாம் நம்பர், பல் டாக்டர். இரண்டாம் நம்பர், விருந்துக்கு வந்த யாரோ பணக்கார ஒறம்பரை. மூன்றாவது தாளைக் கொடுத்தாள்.

பூவாத்தாள் மோந்தாள். சிரிக்கவில்லை. மறுபடி மோந்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோல. பிறகு தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்மணி, இது எங்கூட்டுக்காரருங்க," என்றாள். "இவர எப்படிங்க பாட்டல்ல போட்டீங்க?"

ஜன்னலுக்கு வெளியே, பதினைந்தடி தூரத்தில், கீற்றுப் பந்தலின் கீழ் பூவாத்தாளின் கணவர் காளிச்சாமி இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். சோப்பு அடுக்குகிற பெட்டிகளைச் செய்வது அவர்தான். சீமையிலிருந்து மெஷின் வந்த பெட்டிகளை உடைத்து, அந்தத் தேவதாருப் பலகையைத்தான் இழைப்பார். மரத்தூள் தொண்டையில் அரிக்காமல் இருக்கவும், விட்டுப்போட்ட பீடியின் ஞாபகம் வராமல் இருக்கவும் வாயில் மிளகும் கிராம்பும் அடக்கியிருப்பார். பலகையின் வெடிப்புகளில் குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி ஊற்றுவார். சந்தனம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை; இந்தக் கம்பெனியில் வேலை செய்கிற எல்லார் வேட்டி சேலையிலும் சந்தனச் சோப்பு மணக்கும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருஷத்தில் பாதி நாள் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் கோமளாவின் ஜன்னலுக்குள் வரும். எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தது. அவள் காளிச்சாமியின் முதுகைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அவர் குரலைக் கேட்டதாகக்கூட நினைவில்லை. ஆனால் துளித் துளியாகக் கூட்டி, சரியாக இருக்கிறது என்று நிறுத்தினாளே, அது எதற்குச் சரி என்று இப்போது தெரிந்துவிட்டது.

காது இரண்டும் சுட்டன. தலையைக் குனிந்துகொண்டாள். ஏதோ எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டுப் பிடிபட்டதுபோல் இருந்தது.

பூவாத்தாளுக்குக் கோபம் இல்லை. ஆனால் யோசனை இருந்தது. இது கடைக்கெல்லாம் போகுமா என்று கேட்டாள். போகும் என்று கோமளா தலையை ஆட்டினாள்.

"சந்தையில நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னாக்கூட, அவரு வந்துட்டாருன்னு தெரிஞ்சுருமுங்க. இனி எவன் வந்தாலும் நான் திரும்பிப் பாக்கோணுமாட்ட இருக்குதே."

பூவாத்தாள் தாளை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சிறிது நேரத்தில் பேக்கிங் பிரிவிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வந்தது.

கோமளா அவர்கள் சொன்ன பதில்களை எடுத்துப் படித்தாள். பேச்சுக் குறைவு, சொல் தவறாதவர், பீடியை விட்டவர். வாசனைக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று நிரூபித்ததாக நினைத்த காகிதம் அது. பத்துப் பேரும் தெரிந்த ஆளைத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்லூரியில் இப்படி ஒரு சோதனையைக் கொண்டுபோயிருந்தால் புரொபசர் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்திருப்பார். வெள்ளிக்கிழமை மாமாவிடமும் பாலகோபாலிடமும் பதில் சொல்ல வேண்டும். நான்கு நாள் இருந்தது.

காளிச்சாமியைத் தெரியாத மூக்குகள் வேண்டும்.

அன்று மாலை உறையில் தாள்களைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டில் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோமளா மூன்று நிறுத்தம் வரை உறையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான்காவது நிறுத்தத்தில் தாளை நீட்டினாள். தெரியாத மனுஷியிடம் தானாக முதலில் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் ஆச்சரியப்படவே இல்லை. வாங்கி மோந்துவிட்டு, இது தாசில்தாராட்ட இருக்குது கண்ணு, மனுவ வாங்கி வெச்சுக்குவாரு, ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு என்றாள். சொல்லிவிட்டு அந்தத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். திருப்பிக் கேட்கக் கோமளாவுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அம்மா பங்காரம்மாவிடம் கொடுத்தாள். சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்கிற ஆள், வாயைத் திறந்து சொல்லாமல் தட்டைத் தள்ளி வைக்கிற ரகம், இப்படி ஒரு வரன் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அம்மா தெலுங்கில் சொன்னாள். ஜன்னத் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவள் பன்னிரண்டு தாளை டீச்சர்கள் அறைக்கே எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமைக்குள் பதினான்கு பேரிடமிருந்து பதில் சேர்ந்துவிட்டது. பதினான்கு ஆள். ரகசியமாகக் கவிதை எழுதுகிறவர் ஒருவர். மலைத்தோட்டத்துத் துரைக்குக் கணக்குப்பிள்ளை ஒருவர். பெண்டாட்டி செத்தபின் மறுகல்யாணம் செய்யாதவர் ஒருவர். யாரும் பீடியை விட்டவரில்லை. யாரும் சொன்ன நேரத்துக்கு வருகிறவரில்லை.

ஒன்று மட்டும் பொருந்தியது. பதினான்கு பேரும் ஏதோ ஒரு விதத்தில், அந்த ஆள் அதிகம் பேசாதவர் என்று சொல்லியிருந்தார்கள். அது ஏன் என்று கோமளாவுக்குப் பிடிபடவில்லை. ஜன்னத்திடம் கேட்டாள்.

"நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா இப்படித்தாண்டி மணந்திருப்பே," என்றாள் ஜன்னத்.

வெள்ளிக்கிழமை பாலகோபால் ஓவியரிடம் வரைந்து வாங்கிய படத்தோடு வந்திருந்தார். கோட்டும் டையும் போட்ட ஒருவர் கார் கதவில் சாய்ந்து நின்று பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் தாளை மோந்ததும் பாலகோபாலின் முகம் மலர்ந்துவிட்டது. இதுதான், இதேதான் என்றார். கிளப்பில் சீட்டாடுகிற ஜென்டில்மேன், குரலை உயர்த்தாமல் காரியத்தை முடிக்கிறவன், நம் படத்தில் நிற்கிற ஆளேதான் என்றார். சொல்லிக்கொண்டே தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

கோமளா எழுதி வைத்திருந்த காகிதத்தை மாமாவிடம் நீட்டினாள். மாமா சட்டைப்பையைத் தடவினார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். நீயே சொல்லு கண்ணு என்றார்.

அவள் எழுந்து நின்றாள். இப்போது பாலகோபால் அண்ணா சொன்னதே சரி என்று சொன்னால் போதும். பம்பாய்க் கெமிஸ்ட் வர மாட்டான். மேசையும் தராசும் ஜன்னலும் இருக்கும். பதினான்கு பேர் கதையை மட்டும் சொல்லிவிட்டு, பேக்கிங் பெண்கள் பதினொரு பேரையும் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பாதி முடிவை மறைத்துவிட்டுச் சொல்கிற சோதனை எதற்கு? அவளுக்கு எரிச்சலாக இருந்தது, தன்மேலேயே.

"அந்த ஆளு பாட்டலுக்குள்ள இல்லைங்க மாமா," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குரல் சின்னதாக இருந்தது, நடுவில் இரண்டு தடவை நின்றுபோனது. ஆனாலும் முழுக்கச் சொன்னாள். தாசில்தார், கவிதை எழுதுகிறவர், தட்டைத் தள்ளி வைக்கிறவர். கடைசியாகக் காளிச்சாமி. ஜன்னல், காற்று, தேவதாருப் பலகை.

பாலகோபால் கையிலிருந்த தாளை மேசைமேல் போட்டார்.

"பொட்டி அடிக்கறவன் மணத்தையா மாமா நாம பாட்டல்ல அடைச்சு விக்கறது? ஊர் சிரிக்காதா? பம்பாய்க்குத் தந்தி அடிச்சர்றேன்."

வெங்கடபதி ஜன்னல் பக்கம் திரும்பி, ஏனுங்க காளிச்சாமி, ஒரு நிமிஷம் இப்படி வந்துட்டுப் போங்க என்று கூப்பிட்டார்.

இழைப்புளிச் சத்தம் நின்றது. காளிச்சாமி வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மாமா இரண்டாம் தடவை கூப்பிட்டபின் ஓரடி உள்ளே வந்தார். கை முழுக்க மரத்தூள். கோமளா அவர் முகத்தை அன்றுதான் பார்த்தாள். நெற்றியில் பென்சில் கோடு ஒன்று இழுபட்டிருந்தது. கண்ணோரத்தில் சின்னதாக ஒரு தழும்பு. இரண்டு விநாடிக்கு மேலேயே பார்த்துவிட்டாள்.

மாமா தாளைக் கொடுத்து, இது எப்படிப்பட்ட ஆளு, சும்மா மனசுல பட்டதச் சொல்லுங்க என்றார்.

காளிச்சாமி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். அவசரப்படவில்லை. பலகையில் சுழி இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு மோந்தார்.

"தெரியலீங்க," என்றார். "எனக்குப் பழக்கமில்லாத ஆளுங்க." இன்னொரு முறை மோந்தார். "ஆனா இவரு வந்து ஒரு வேலை சொன்னா நான் செஞ்சு குடுப்பனுங்க."

ஏன் என்று பாலகோபால் கேட்டார்.

"காரணம் தெரியலீங்க," என்று சொல்லித் தாளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் காளிச்சாமி போய்விட்டார். இழைப்புளிச் சத்தம் மறுபடி கேட்டது.

வெங்கடபதியின் வயிறு குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கோமளா சிரிக்கவில்லை. ஒரே வாசனையில் நாள் முழுக்க இருந்தால் மூக்கு அதை விட்டுவிடும். அதனால் அவருக்கு அவரைத் தெரியவில்லை. அது பாடத்தில் இருக்கிறது. ஆனால் தெரியாத அந்த ஆளுக்கு வேலை செய்து கொடுப்பேன் என்றாரே, அது எந்தப் பாடத்திலும் இல்லை.

மாமா முடிவைச் சொன்னார். ஆளுக்கு ஒரு ஆளைப் பார்க்கிறார்கள். நாம் ஒருவனைப் படமாகப் போட்டால் மற்றவர்களுடைய ஆளையெல்லாம் விரட்டிவிட்டதாக ஆகும். லேபிளில் ஆள் வேண்டாம். இழைத்த பலகையின் ரேகை மட்டும் இருக்கட்டும், அதன்மேல் பேர். பாலகோபால் அரைமணி நேரம் வாதாடிப் பார்த்தார். பிறகு கார் கதவில் சாய்ந்த மனிதரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது மூன்றாம் நம்பர் பாட்டிலை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதை மாமா பார்த்தார், கோமளாவும் பார்த்தாள். மாமா குமாஸ்தாவைக் கூப்பிட்டு, பம்பாய்க்கு ஆள் வேண்டாம் என்று எழுதச் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சனிக்கிழமை காலை பாலகோபால் சவரம் செய்து, சென்ட் தடவி, கம்பெனிக்கு வந்தார். பேக்கிங் பிரிவின் நடுவே ஆபீசுக்கு நடந்து போனார். அவர் தாண்டிப் போகப் போக ஒவ்வொரு பெண்ணும் தலை நிமிர்த்திப் பார்த்தாள். யார் என்று தெரிந்ததும் குனிந்துகொண்டாள். பாலகோபால் டையைச் சரிசெய்துகொண்டார். கடைசி வரிசையில் பூவாத்தாள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டென்று திரும்பினாள், முகத்தில் ஏதோ கேட்கப் போகிற சிரிப்போடு. பாலகோபாலைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலிருந்த சோப்பைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் கதவோரம் நின்ற கோமளாவைப் பார்த்தாள்.

கோமளா நேராக மாமாவின் அறைக்குப் போனாள். தைரியம் சேர்க்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. இன்னும் ஒரு வாரம் வேண்டும், ஒன்றை மாற்ற வேண்டும் என்றாள். நன்றாக இருப்பதை எதற்கு மாற்றுவது என்று மாமா கேட்டார்.

"அது இன்னும் ஒருத்தருக்குச் சொந்தமா இருக்குதுங்க மாமா."

மாமா அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள் என்றார்.

மிளகை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஆள் தூங்குமூஞ்சி ஆகிவிட்டார். கிராம்பைக் குறைத்துப் பார்த்தாள். தூரத்தில் போனாரே தவிர, காளிச்சாமிதான். நான்காவது நாள் குங்கிலியத்தை முழுக்க எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெட்டிவேர் எண்ணெயை விட்டாள். அதுவும் வாசனையைப் பிடித்து வைக்கும், ஆனால் அது வேறு மண். இந்தத் தடவை துளிகளை எண்ணி எழுதினாள். ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தாள்.

பூவாத்தாளை மேசைக்கு அழைத்தாள். தாளை நனைத்து இருவரும் ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். அன்னூர்ச் சீர் எப்படி நடந்தது என்று கோமளா கேட்டாள், பூவாத்தாள் சொன்னாள். ஐந்து நிமிடம் ஆனதும் தாளை எடுத்து மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை.

"இது அவரில்லைங்க," என்றாள். குரலில் ஒரு லேசு வந்தது. "அவரோட அண்ணனாட்ட இருக்குதுங்க."

"அவருக்கு அண்ணன் இருக்காருங்களா?"

"இல்லைங்க அம்மணி," என்றாள் பூவாத்தாள். "இருந்தா இப்படித்தான் இருப்பாருங்க."

கோமளா அதை அப்படியே எழுதிக்கொண்டு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.